திருவிருந்துக்கு முந்திய சனிக்கிழமை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், திருப்பூர் மண்ணரையில் இருந்த எங்கள் பனியன் கம்பெனியில் பாதிப் பேர் டீக்கடைப் பக்கம் நழுவிவிடுவார்கள். செக்கிங் அக்கா மன்னிப்புக் கேட்கக் கிளம்பும் நேரம் அது.

நழுவுகிறவர்கள் எல்லாரும் அந்த மாதத்தில் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். திட்டும்போது நின்று வாங்கிக்கொண்டவர்கள்தான். மன்னிப்பு என்றால்தான் அவர்களுக்குக் கால் நிற்காது. மெக்கானிக் பெரியசாமி அண்ணன் என்னிடம் ஒருமுறை சொன்னார்: "திட்டுனாக்கூட பல்லக் கடிச்சுட்டு நிக்கலாமுங்க. இந்தக்கா வந்து மன்னிச்சுக்குங்கன்னா, மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கறதுன்னே தெரியறதில்லீங்க."

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அக்கா என்னைத் தேடி வந்தார். சேவூரிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு திரிவேன். தரம் பார்க்கும் பிரிவில் வேலை. அக்காவின் மேசையில் அடுக்கியிருந்த பீஸ்களை அளவெடுக்கிறேன் என்று கலைத்துவிட்டதற்கு, "கோழி கிண்டுன மாதிரி கிண்டி வச்சிருக்கு பாரு, படிச்ச கழுத!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அதோடு மறந்தும்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, ஒன்ன கழுதன்னு சொன்னேன்லா. நீ கழுத இல்ல. மன்னிச்சுக்கோ."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா."

"ஒனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இருக்கு. மன்னிச்சியா இல்லியா?"

"மன்னிச்சுட்டனுங்க."

"சரி. ஆனா பீஸக் கிண்டுனது கிண்டுனதுதான். இனிமே அடுக்குலருந்து உருவி எடுத்துட்டு, திரும்ப அங்கனயே வைக்கணும், கேட்டியா?"

அக்காவின் மன்னிப்பு எப்போதும் இப்படித்தான் இருக்கும். திட்டியதற்கு மட்டும் கேட்பார். துணியில் இருந்த ஓட்டைக்கோ, எண்ணெய்க் கறைக்கோ, விட்டுப்போன தையலுக்கோ அதில் இடம் கிடையாது. "ஒன் கண்ணு புட்டத்துலயா இருக்குன்னு கேட்டேன்லா, அது தப்பு. ஆனா காலர் கோணலாத்தான் இருந்துச்சு" என்று ஒரு டெய்லரிடம் அவர் சொன்னதை, அந்த டெய்லரே நடித்துக் காட்டிச் சிரிப்பார்.

அன்று மாலை பஸ்ஸில் போகும்போது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. அப்பா சின்ன வயதில் என்னை அடித்துவிட்டால், அன்று சாயங்காலம் ஒரு பொட்டலம் பரோட்டா வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். அதுதான் எங்கள் வீட்டில் மன்னிப்பு. வாய்விட்டு அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் அப்படிச் சொன்ன முதல் பெரியவர் அக்காதான்.

அக்கா திருச்செந்தூர்ப் பக்கத்து ஊர்க்காரர். கல்யாணமான கையோடு கணவரும் அவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் வந்துவிட்டார்கள். வந்த புதிதில் பிசிறு வெட்டுகிற வேலை, பிறகு மெஷினில் கைமடித்துக் கொடுக்கிற வேலை, பிறகு செக்கிங். நான் போனபோது செக்கிங் மேசை முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. இத்தனை வருடம் இங்கே இருந்தும் பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சாகவே நின்றுவிட்டது. நாங்கள் எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டு இழுப்பதைக் கேட்டு, "இந்த ஊர்க்காரவுக வைதாலும் வெத்தல பாக்கு வச்சு வைவாக" என்பார்.

செக்கிங் மேசையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். குறை எங்கே இருக்கிறதோ அங்கே அதை ஒட்டி ஓரமாகப் போடவேண்டும். அக்காவின் இடது கை விரல் நுனிகளில் எந்நேரமும் நாலைந்து ஸ்டிக்கர் தயாராக ஒட்டியிருக்கும். ஒருநாள் முதலாளியின் மகன் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. வயிற்றுக்குமேல் சாம்பார் சொட்டு. பையர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அக்கா கையை நீட்டி அந்தச் சொட்டின் மேல் ஓர் அம்புக்குறியை ஒட்டிவிட்டார். பழக்கதோஷம் என்று பிறகு சொன்னார். எனக்கென்னவோ நம்பிக்கையில்லை. முதலாளி மகன் ஸ்டிக்கரோடேயே கம்பெனி முழுக்கச் சுற்றினார். அந்த மாதச் சனிக்கிழமை அக்கா ஆபீஸ் அறைக்கே போய்விட்டார்.

"சட்டையில ஒட்டுனதுக்கு மன்னிச்சுக்கிடுங்க தம்பி."

"பரவால்லீங்க, விடுங்க."

"ஆனா கறை இருந்துச்சு."

"இருந்துச்சுங்க்கா. எங்க வீட்டுலயும் சொன்னாங்க."

எதற்காக இப்படிச் சனிக்கிழமையில் வந்து கேட்கிறார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். மறுநாள் அக்கா போகும் கிறிஸ்தவக் கோவிலில் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். வரிசையாகப் போய் முழங்கால் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பந்திக்குப் போகிறவள், யாருடைய மனத்தாங்கலையும் சுமந்துகொண்டு போகக்கூடாது என்பது அக்காவின் கணக்கு. "நமக்கு யார் மேல கோவம்னு பாக்கது சுலபம் தம்பி. நம்ம மேல யாருக்குக் கோவம்னுல்லா பாக்கணும். அவுகளத் தேடிப் போயிட்டுத்தான் அங்க போவணும்" என்று ஒருமுறை விளக்கினார். அதற்குமேல் மதத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கம்பெனி ஆயுத பூஜைக்கு முதல் நாள் செக்கிங் மேசையைக் கழுவித் துடைத்து வைப்பார். பொரி கொடுத்தால் முந்தானையில் வாங்கிக்கொள்வார். பொட்டு வைத்துக்கொள்ள மாட்டார். யாரும் வற்புறுத்தியதும் இல்லை.

திட்டாமலேயே இருந்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லையே என்று நான் கேட்டிருக்கிறேன்.

"முயற்சி பண்ணாமலா இருக்கேன்? வாய் எனக்கு முன்னால ஓடிருதே" என்றார். உண்மையாகவே வருத்தமாகச் சொன்னார்.

அக்காவின் கணவர் வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் கம்பெனி வாசலில் அக்காவுக்காகக் காத்து நின்றவரிடம் பெரியசாமி அண்ணன் விளையாட்டாக, "ஏனுங்க மாஸ்டரே, ஊட்டுலயும் உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பாங்களா?" என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, "எனக்கு ஞாயித்துக்கிழம காலையில, கோவில் மணி அடிக்கும்போது. கடைசி ஆள் நான்தான்" என்றார்.

இப்படிப்பட்ட அக்கா, நாலைந்து மாதம் அந்தப் பந்திக்குப் போகாமல் இருந்தார்.

எங்கள் லைனில் மினதி என்றொரு ஒடிசாப் பெண் ஓவர்லாக் மெஷின் ஓட்டினாள். இருபது வயதுக்குள்தான் இருக்கும். யாரிடமும் பேசமாட்டாள். தமிழ் தெரியாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். ஒரு ஷிப்மென்ட் கிளம்பவேண்டிய நாளில் பீஸ்கள் குறைந்தன. எல்லாரும் தேடினோம். மினதியின் மெஷினுக்கு அடியில், ஓர் அட்டைப் பெட்டிக்குள் ஒரு கட்டுப் பீஸ் இருந்தது. எல்லாவற்றிலும் எண்ணெய்க் கறை. கறைபட்ட பீஸைக் காட்டினால் தன்னைச் சொல்வார்களே என்று ஒளித்து வைத்துவிட்டாள் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். அந்தப் பீஸ்களை எடுத்து அவள் மெஷின் மேல் போட்டார்.

"ஏட்டி களவாணி! ஒளிச்சா வச்சிருக்க? இதுக்குத்தான் ஊமை மாதிரி இருந்தியா?"

லைன் முழுக்க மெஷின்கள் நின்றுவிட்டன. மினதி தலையைக் குனிந்துகொண்டு மிச்சமிருந்த வேலையை முடித்தாள். சாயங்காலம் எல்லாரோடும் சேர்ந்து வெளியே போனாள். மறுநாள் வரவில்லை.

அந்த வாரம் பெரியசாமி அண்ணன் லீவில் இருந்தார். சேவூரில் சொந்தக்காரர் வீட்டில் சீர் விசேஷம். திரும்பி வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! நானில்லீங்களா எடுத்து வெக்கச் சொன்னேன்! அந்த மெஷின்ல எண்ணெய் ஒழுகுதுங்க. மேனேஜர்கிட்டக் காட்டி சாமான் மாத்தோணும், கறையான பீஸெல்லாம் தனியா ஒரு பொட்டியில போட்டு வெய்யி கண்ணுன்னு சைகையில சொல்லிப்போட்டுப் போனனுங்க. சீரு அவசரத்துல மேனேஜர்கிட்டச் சொல்ல மறந்துபோச்சு."

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை.

மினதி தங்கியிருந்த விடுதிக்கு அன்று மாலையே போனார். அவள் பெட்டியோடு வேறு கம்பெனிக்குப் போய்விட்டாளாம். எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. போன் நம்பரும் மாறிவிட்டது. திருப்பூரில் ஒரு டெய்லர் கம்பெனி மாறிவிட்டால் தேடிப் பிடிப்பது சாதாரணக் காரியம் இல்லை. சந்துக்குச் சந்து மெஷின் ஓடுகிற ஊர் இது.

அந்தச் சனிக்கிழமை அக்கா வழக்கம்போல எல்லாரிடமும் கேட்டார். மினதியின் மெஷின் பக்கம் வந்ததும் நின்றார். அங்கே வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கோவிலில் எல்லாரும் எழுந்து முன்னால் போகையில் அக்கா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததாக அவர் கணவர் சொன்னார். அடுத்த மாதமும் அப்படியே. கோவிலில் பேச்சு கிளம்பிவிட்டது. என்ன பெரிய பாவம் செய்தாளோ என்று பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். ஐயர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

"ஏம்மா, மனசார ஜெபிச்சியா?"

"ஜெபிச்சேன் ஐயரே."

"அப்புறம் என்ன? ஆண்டவர் மன்னிச்சுட்டாரு. வந்து வாங்கிக்கோ."

"ஆண்டவரையா நான் களவாணின்னு சொன்னேன்?"

ஐயர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் சாமான் வாங்கக் காதர்பேட்டைப் பக்கம் கூட்டமாக வருவார்கள். அக்கா ஆராதனை முடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சுற்றினார். பெரியசாமி அண்ணன் தனக்குத் தெரிந்த மெக்கானிக்குகளிடமெல்லாம் சொல்லி வைத்தார். இதற்கிடையில் அக்கா அயர்ன் டேபிள் பீகார்த் தம்பியிடம் ஒரு வரி இந்தி கற்றுக்கொண்டார். முஜே மாஃப் கர் தோ. என்னை மன்னித்துவிடு. பீஸைத் திருப்பும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். கேட்டுக் கேட்டு செக்கிங் மேசைப் பெண்கள் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. கால் பட்டால்கூட ஒருத்திக்கொருத்தி அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அக்காவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் சொல்லிப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

"அந்தப் புள்ளைக்குத் தமிழே தெரியாதுங்க்கா. நீங்க சொன்னது புரிஞ்சே இருக்காது" என்று ஆறுதலாகச் சொன்னேன்.

"அப்படித்தான் நானும் நெனச்சுக்கிடுதேன்" என்றார்.

கடைசியில் ஒரு மெக்கானிக் மூலமாகத் தகவல் வந்தது. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. வேலை முடிகிற நேரத்துக்கு அக்காவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கேட்டில் நின்றோம். கூட்டமாக வெளியே வந்த பெண்களில் மினதி எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அக்கா முன்னால் போய், பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"முஜே மாஃப் கர் தோ."

மினதி அக்காவையே பார்த்தாள். பிறகு அச்சு அசலாக எங்கள் ஊர்த் தமிழில் சொன்னாள்:

"எனக்குத் தமிழ் வருமுங்க்கா."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பவுமா?"

"பேசறதுக்குத்தான் கூச்சமுங்க. அன்னைக்கு நீங்க சொன்னதெல்லாம் புரிஞ்சுதுங்க."

அக்கா கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார்.   பிறகு, "நான் சொன்னது பொய் மக்களே. மன்னிச்சுக்கோ" என்றார்.

மினதி பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க்கா. இப்ப இங்க வந்து தனியாச் சொல்றீங்க. அங்க இருக்கறவீங்களுக்கு நான் இன்னும் களவாணிதானுங்களே?"

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக் கேட்பதுபோலக் கேட்டாள். அக்கா தலையை ஆட்டினார். "நீ சொல்லுதது சரிதான்" என்றார். என்னிடம் திரும்பி, "தம்பி, இந்தப் புள்ளைட்ட போன் நம்பர் வாங்கிக்கோ" என்றார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அக்கா மேனேஜரிடம் சொல்லி மெஷின்களை நிறுத்த வைத்தார். லைன் நடுவில் போய் நின்றார். நான் மினதிக்கு வீடியோ கால் போட்டு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். 

"எல்லாரும் கேட்டுக்கோங்க. மினதியை நான் இந்த எடத்துல வச்சுக் களவாணின்னு சொன்னேன். அந்தப் புள்ள ஒண்ணையும் ஒளிச்சு வைக்கல. மெக்கானிக் சொன்னதத்தான் செஞ்சுருக்கு. விசாரிக்காமப் பேசுனது நான். தப்பு என் பேர்ல. மினதி, மன்னிச்சுக்கோ."

இந்தத் தடவை 'ஆனா' வரவில்லை.

"என்ற மேலயும் தப்புதானுங்க" என்று பின்னாலிருந்து பெரியசாமி அண்ணன் குரல் கொடுத்தார். போனில் மினதியின் முகம் அசையாமல் இருந்தது. "சரிங்க்கா" என்றாள். அவளுடைய கம்பெனியில் யாரோ கூப்பிட்டார்கள். இணைப்பு அறுந்தது.

அந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டு அக்கா பட்ட பாடு கொஞ்சமில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் வாயால் சொல்லவில்லையே. "சரின்னா முடிஞ்சுதுங்க்கா. எங்கூர்ல பொண்ணு குடுக்கறதே அந்த ஒரு வார்த்தையிலதானுங்க" என்றார் பெரியசாமி அண்ணன். அக்காவுக்குத் திருப்தியில்லை. அந்த வாரம் வரும் திருவிருந்து ஞாயிறன்றும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மினதி எனக்கு போன் செய்தாள்.

"நாளைக்கு லீவுங்க. காலையில வரலாமுன்னு. அக்கா ஊடு எங்கீங்க இருக்குது?"

அக்காவுக்கும் சொல்லிவிட்டு, மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நின்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். லைன் வீட்டுச் சந்து முழுக்க மீன்குழம்பு வாசனை. அக்கா அடுப்படியில் நின்றார். கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் வியர்வை. அவர் கணவர் வெள்ளைச் சட்டை போட்டு, வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் கோவில் மணி அடித்தது.

"ஏனுங்க்கா, நீங்க போகலீங்களா?" என்றேன்.

"இன்னைக்கு எப்படிப் போக?" என்றார் அக்கா.

"ஐயர் கேட்டா என்ன சொல்ல?" என்று கணவர் கேட்டார்.

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்குன்னு சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார்.

தரையில் பாய் விரித்துத் தட்டு வைத்தார் அக்கா. கண்ணை மூடி ஒரு நொடி ஜெபித்தார். மினதியும் கையைக் கூப்பிக்கொண்டாள். சோற்றைப் போட்டு, பெரிய துண்டாகப் பார்த்து மீனை வைத்து, குழம்பை ஊற்றிவிட்டு, சுவரோடு சாய்ந்து நின்றபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மினதி முள்ளை லாவகமாக எடுத்து ஓரம் வைத்துச் சாப்பிட்டாள். அவள் ஊரும் கடற்கரைதானாம். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, குழம்புல உப்புக் கம்மிங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் சமையலில் குறை சொல்லி யாரும் தப்பித்ததில்லை. அக்கா குனிந்து கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"ஆமாட்டி, கம்மிதான்."

உப்பு டப்பாவை எடுத்து வந்து ஒரு சிட்டிகை அவள் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு அடுப்படிக்குப் போய்த் தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு, மினதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.